ஒரம்பரை வருமுன்

மார்கழி. இன்னும் விடியவில்லை.

கம்பெனி பஸ் கடைவீதியில் நிற்கிறது. கதவு திறக்கும் சத்தம். நாலைந்து காலடி. கதவு மூடும் சத்தம்.

பிறகு பனி மட்டும்.

*

வாசல் தெளிக்கிறேன். மண் வாசம் எழும்புகிறது. கொஞ்ச நேரம் நிற்கிறது. போய்விடுகிறது.

*

தை பிறந்ததும் ஒரம்பரை வருகிறார்கள். உஸ்பெகிஸ்தானின் சமர்கண்டிலிருந்து.

தங்கச்சி மகள் அங்கே மருத்துவம் படிக்கிறாள். அவள் குடியிருக்கும் வீட்டுக்கார அம்மாவும் அவருடைய மகனும். அந்த அம்மா பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர்.

"உங்க ஊரைக் காட்டுவீங்களான்னு கேக்கறாங்க பெரீம்மா," என்கிறாள் போனில்.

பேச்சு முடிந்த பிறகும் போன் காதோரமே இருக்கிறது.

*

எதைக் காட்டுவது.

திருப்பூரிலிருந்து பெருமாநல்லூர் வழியாகக் கோபிக்குப் போகிற பஸ் இங்கே நிற்கிறது. இறங்குகிறவர்கள் வீட்டுக்குப் போகிறார்கள். வேலைக்குப் போகிறார்கள். சந்தைக்குப் போகிறார்கள். பார்ப்பதற்கென்று இறங்கிய ஒருவருடைய முகமும் நினைவுக்கு வரவில்லை.

*

பிள்ளைகளின் பழைய அட்லஸ் அட்டாலியில் கிடைக்கிறது. தூசி தட்டி விரிக்கிறேன். விரலை வைக்கிறேன். தாஷ்கண்ட். டில்லி. கோயமுத்தூர்.

டில்லியிலிருந்து தாஷ்கண்ட்தான் பக்கம். எங்கள் குன்னத்தூர் அதைவிடத் தூரம்.

மறுபடியும் விரலை வைத்து அளக்கிறேன். அப்படித்தான் இருக்கிறது.

*

அந்த நாட்டுக்குக் கடற்கரை இல்லை. அதைச் சுற்றியுள்ள நாடுகளும் பெருங்கடலைத் தொடவில்லை. கடல் வேண்டுமென்றால் இரண்டு எல்லைகளைத் தாண்டவேண்டும். உலகத்தில் இப்படி இருப்பவை உஸ்பெகிஸ்தானும் லிச்சென்ஸ்டைனும் மட்டும்.

இங்கிருந்தும் கடல் தெரியாது. காதுக்கு எட்டாது. தறிச் சத்தம்தான் தூரத்தில் விட்டுவிட்டுக் கேட்கிறது.

*

தாஷ்கண்ட் என்ற பேர் இந்த வீட்டுக்குப் புதிதில்லை. அப்பாரு அடிக்கடி சொல்லுவார். 1966 ஜனவரி 10 அன்று அங்கே பாகிஸ்தானோடு ஒப்பந்தம். சாஸ்திரி கையெழுத்துப் போடுகிறார். விடிவதற்குள் இறந்துபோகிறார். அன்றைக்கு அப்பாரு கிணற்றில் கவலை ஓட்டவில்லை. மாடுகள் கட்டுத்தரையிலேயே நின்றன.

அதுவும் மார்கழிதான்.

தாஷ்கண்டில் சாஸ்திரிக்குச் சிலை இருக்கிறது என்கிறாள் பிள்ளை. ஒரு தெருவுக்கு அவர் பேர் இருக்கிறது.

அப்பாரு உட்கார்ந்த திண்ணையைத் துடைக்கிறேன். சிமிட்டி குளிர்ந்து கிடக்கிறது.

*

ஆசாரத்தைக் காலிசெய்கிறோம். மூட்டைகள் பொடக்காளிக்குப் போகின்றன. பவர்டேபிள் போட்டிருந்த இடத்தில் தரை வேறு நிறம். மிஷின் விற்று வெகுநாள் ஆகிறது. எண்ணெய்க் கறை மட்டும் நகரவில்லை.

தேய்க்கிறேன். கொஞ்சம் போகிறது. மீதி இருக்கிறது.

*

இரவில் பிள்ளை டீயைப் பற்றிச் சொல்கிறாள்.

அங்கே பச்சைத் தேயிலை. பால் கிடையாது. கெட்டிலில் ஊற வைத்து, முதல் கிண்ணம் ஊற்றியதும் அதைத் திரும்பக் கெட்டிலிலேயே கொட்டுகிறார்கள். மூன்று முறை. தேயிலை இறங்கட்டும் என்று. அப்புறம்தான் வந்தவர்களுக்கு. கைப்பிடி இல்லாத கிண்ணம். அதில் பாதிகூட ஊற்றுவதில்லை.

மரியாதைக்குரியவர் என்றால் இன்னும் குறைவாக.

குறைய ஊற்றினால் திரும்பத் திரும்ப ஊற்றலாம். திரும்பத் திரும்பக் கேட்கலாம். வந்தவர் இன்னும் கொஞ்ச நேரம் இருப்பார். கிண்ணம் நிறைய ஊற்றிக் கொடுத்துவிட்டால், குடித்ததும் கிளம்பலாம் என்றாகிவிடும்.

கேட்டுக்கொண்டே இருக்கிறேன்.

இங்கே டம்ளர் தளும்பவேண்டும். வட்டையில் கொஞ்சம் வழிந்தால்தான் மனசு ஆறும். அரை டம்ளர் காபியை ஒரம்பரை முன்னால் வைத்தால் ஊரே பேசும்.

*

காலையில் டம்ளரில் கால்வாசி காபி ஊற்றி வைத்துப் பார்க்கிறேன்.

ஆவி சீக்கிரம் அடங்குகிறது. டம்ளரின் அடிப்பாகம் தெரிகிறது.

குடிக்கிறேன். மறுபடி ஊற்றுகிறேன். நடுவில் ஒரு இடைவெளி இருக்கிறது. அதில் குயில் கூவுகிறது.

*

ரொட்டியைப் பற்றி.

வட்டமாக இருக்குமாம். தந்தூர் அடுப்பில் சுட்டது. நடுவில் அச்சு குத்தி, பூப்போலக் குழித்திருப்பார்கள். கவிழ்த்து வைக்கமாட்டார்கள். கத்தியால் வெட்டமாட்டார்கள். கையால் பிய்த்து எல்லார் முன்னாலும் வைப்பார்கள்.

ஒருவன் தூரதேசம் போகிறான். இல்லை, பட்டாளத்துக்குப் போகிறான். கிளம்புமுன் ரொட்டியில் ஒரு கடி கடிக்கச் சொல்கிறார்கள். மீதியைச் சுவரில் மாட்டி வைக்கிறார்கள். அவன் திரும்பி வந்து அந்த ரொட்டியைத் தின்னவேண்டும். அதுவரை அது அங்கேயே காய்ந்து தொங்குகிறது.

போனவன் வராத வீடுகளும் இருக்கும். அந்தச் சுவர்கள்.

*

பிள்ளை போன அன்றைக்குப் புளியும் கருப்பட்டியும் கொள்ளுப் பருப்பும் கட்டிக் கொடுத்தோம். எதையும் சுவரில் மாட்டவில்லை. அவளுடைய செருப்பு ஒரு ஜோடி வாசலோரம் கிடந்தது. யாரும் எடுத்து வைக்கவில்லை. இன்னும் அங்கேதான் கிடக்கிறது.

*

பாபர் பிறந்தது அந்த நாட்டில். ஆந்திஜான், 1483. டில்லியைப் பிடித்த பிறகும் அவருக்கு இங்கே ஒன்றும் பிடிக்கவில்லை. நல்ல முலாம்பழம் இல்லை, பனிக்கட்டி இல்லை என்று எழுதிவைக்கிறார். யாரோ ஒரு முலாம்பழம் கொண்டுவந்து கொடுக்கிறார்கள். அறுக்கிறார். அழுகிறார்.

ஒரு ராஜ்ஜியத்தை எடுத்துக்கொண்டவர். பழத்தின் முன்னால் அழுகிறார்.

அந்த வரியைப் பற்றிப் பிள்ளை சொன்னதிலிருந்து அவர்மேல் கொஞ்சம் பாசம் வந்திருக்கிறது.

*

சாப்பாட்டுக்கு என்ன.

அரிசிம்பருப்பு. மேலே ஊத்துக்குளி வெண்ணெயை உருக்கின நெய். கம்மஞ்சோறு, மோர், சின்ன வெங்காயம். சந்தவை, தேங்காய்ப்பால். ஒரு நாளைக்கு வெள்ளாட்டுக்கறி. கொள்ளுப் பருப்பு அவர்களுக்கு ஆகுமா தெரியவில்லை. வைத்துப் பார்க்கலாம்.

ஒப்பிட்டு கடைசி நாள்.

*

சோளத்தட்டுக் காட்டுக்கு மேலே ஒரு கூட்டம் திரும்புகிறது. சோளக்குருவிகள். உடம்பு இளஞ்சிவப்பு, தலையும் இறக்கையும் கறுப்பு. சாய்ந்து, கலைந்து, மறுபடி ஒன்றாகி, வேலாமரத்தில் இறங்குகின்றன. மரம் முழுக்கக் கூச்சல்.

இவை கூடு கட்டுவது மத்திய ஆசியாவின் புல்வெளிகளில். உஸ்பெகிஸ்தானும் அதில் சேர்த்தி. அங்கே வெட்டுக்கிளி தின்று குஞ்சு பொரிக்கின்றன. ஆவணி, புரட்டாசியில் இங்கே வருகின்றன. சித்திரை வெயிலுக்கு முன்னால் கிளம்புகின்றன.

யாரும் கூப்பிடவில்லை. யாரும் வழி சொல்லவில்லை.

*

திருப்பூரை ஒட்டி நஞ்சராயன் குளம். பட்டைத்தலை வாத்துகள் அங்கே இறங்கியிருக்கின்றன. இமயமலைக்கு மேலே பறக்கிற வாத்து அது. ஊசிவால் வாத்தும் கிளுவையும் வருகின்றன. 2022இல் பறவைகள் சரணாலயம் ஆகிறது. 2024இல் ராம்சர் பட்டியலில் சேர்கிறது.

சுற்றிலும் பனியன் கம்பெனிகள். நடுவில் தண்ணீர். தண்ணீரில் வாத்துகள் தலையைக் கவிழ்த்து மேய்கின்றன.

கரையில் நிற்கும்போது பேச்சு தானாகக் குறைகிறது. அந்த அம்மாவை இங்கே கூட்டிவரவேண்டும். காலையில் சீக்கிரம்.

*

"அங்கே இப்போ பனி கொட்டுது. அவங்களுக்கு ஸ்வெட்டர் வேணுமா பெரீம்மா?"

வேண்டாம் என்கிறேன். இங்கே நான் தலைக்குத் துண்டு கட்டிக்கொண்டு நிற்கிறேன்.

*

ஒரு தாள் எடுத்து இடங்களை எழுதுகிறேன்.

அவிநாசி. முதலை விழுங்கிய பிள்ளையைச் சுந்தரர் பாடி மீட்ட இடம்.

திருமுருகன்பூண்டி. சேரமான் பெருமாள் கொடுத்த பொருளோடு வந்த அதே சுந்தரரை, சிவனுடைய பூதகணங்கள் வேடர் வடிவில் வழிமறித்துப் பறித்த இடம். வழிப்போக்கனைக் கொள்ளையடித்த சாமி. பாட்டு வாங்கிக்கொண்டு திருப்பிக் கொடுத்த சாமி. தெருவில் இப்போது சிற்பிகள். உளிச் சத்தம்.

சென்னிமலை. கந்த சஷ்டி கவசம் அரங்கேறிய மலை என்பார்கள். காளைகள் படியேறி அபிஷேகத்துக்குத் தண்ணீர் கொண்டுபோகின்றன. கீழே கைத்தறி. படுக்கைவிரிப்பு.

விஜயமங்கலம். சமணர் கோயில். கொங்குவேளிர் பெருங்கதையை அரங்கேற்றியது இங்கே என்று சொல்லி வருகிறார்கள். உள்ளே இருட்டு. கல் குளிர்ச்சி. தீர்த்தங்கரர் உட்கார்ந்திருக்கிறார். அவ்வளவுதான். அது போதும் என்றும் தோன்றுகிறது.

தாளில் இன்னும் இடம் இருக்கிறது.

*

கொடுமணல்.

எழுதிவிட்டுப் பேனாவை வைக்கிறேன்.

நொய்யல் கரையில் செம்மண் மேடு. சங்ககாலத்து ஊர். பதிற்றுப்பத்தில் கொடுமணம் என்று வருகிற ஊர். 1980களின் நடுவிலிருந்து தோண்டிப் பார்க்கிறார்கள். இரும்பு உருக்கிய உலை. மணிகள் அறுத்துத் துளையிட்ட பட்டறை. தமிழ்ப் பிராமி எழுத்துப் பொறித்த ஓடுகள் நூற்றுக்கணக்கில். ஓட்டில் எழுதியிருப்பது பெரும்பாலும் ஆள் பேர். சட்டி யாருடையது என்று. நூல் நூற்ற தக்களியும் கிடைத்திருக்கிறது.

பச்சைக்கல் பக்கத்துப் படியூரில் வெட்டினது. சூதுபவளம் வெளியூர்ச் சரக்கு. இன்னும் ஒன்று, கடுநீலக் கல், லாபிஸ் லாசுலி. இந்தச் சீமையில் அது விளையாது. பழைய காலத்தில் அதை வெட்டிய பேர்போன சுரங்கம் ஆப்கானிஸ்தானின் படக்ஷான் மலையில். அந்த மலையில் இறங்குகிற தண்ணீர் ஆமு தரியாவில் போய்ச் சேர்கிறது. ஆமு தரியா உஸ்பெகிஸ்தானுக்குள் ஓடுகிறது.

ஒரு நீலக்கல். எத்தனை கைகள் மாறியிருக்கும். யார் யார் வீட்டுத் திண்ணையில் இரவு தங்கியிருக்கும்.

இரண்டாயிரம் வருடத்துக்கு முன்னால் அந்தப் பக்கத்திலிருந்து ஏதோ ஒன்று இந்தக் கரைக்கு வந்துவிட்டது. இப்போது வருகிறவர்கள் முதல் ஆட்கள் இல்லை.

*

கொடுமணல் மேட்டில் நின்றால் நொய்யல் தெரியும்.

அதையும் பார்ப்பார்கள்.

*

வெகுநேரம் ஒன்றும் எழுதவில்லை. தாளின் ஓரம் காற்றில் தூக்குகிறது. விழுகிறது.

*

பனியன் கம்பெனி செக்கிங்கில் வேலை பார்த்த வருடங்கள் விரலில் இருக்கின்றன. துணியைத் தடவினால் ஓட்டை தெரியும். எண்ணெய்க் கறை தெரியும். சாயம் திட்டுத்திட்டாய் ஏறியிருந்தால் டேமேஜ் என்று ஒதுக்கிவிடுவேன்.

பீஸ் ஒதுங்கிவிடும். சாயத் தண்ணீர் எங்கே ஒதுங்கும்.

பஸ் ஜன்னலில் ஆறு தெரியும். ஒரு நாள் கத்தரிப்பூ நிறம். ஒரு நாள் ரத்தச் சிவப்பு. வெளிநாட்டில் இந்தப் பருவத்துக்கு என்ன கலர் ஓடுகிறது என்று ஆற்றைப் பார்த்துச் சொல்லிவிடலாம். அப்படித்தான் பேசிக்கொண்டோம் அப்போது. நுரை கரையில் ஒட்டிக்கொண்டு நடுங்கும்.

*

ஒரத்துப்பாளையம் அணை. 1992. நொய்யலின் குறுக்கே, பாசனத்துக்காகக் கட்டினது. தேங்கினது சாயத் தண்ணீர். உப்பு. திறந்துவிட்டால் காடு வீணாகும். திறக்காவிட்டால் சுற்றுவட்டாரக் கிணறுகள் வீணாகும். தண்ணீர் வேண்டுமென்று கட்டின அணையிலிருந்து, தண்ணீர் விடாதீர்கள் என்று குடியானவர்களே கேட்டார்கள்.

இதைவிடப் பெரிய துக்கத்தை இந்தச் சீமையில் நான் பார்க்கவில்லை.

தென்னை மட்டை தொங்கிப்போன தோப்புகள். ஆடு முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பின தொட்டி.

*

2011 ஜனவரி. சென்னை உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொல்கிறது. ஒரு சொட்டுக் கழிவும் வெளியே போகக்கூடாது என்பது உத்தரவு. பட்டறைகள் நிற்கின்றன. கம்பெனி பஸ் பாதி காலியாக ஓடுகிறது. பிறகு சுத்திகரிப்பு நிலையங்கள் தேறி, ஒவ்வொன்றாகத் திறக்கின்றன.

அந்த மாதங்களில் வீட்டில் பேச்சு இல்லை. ஆறு தெளிந்ததா என்று யாரும் போய்ப் பார்க்கவில்லை. சம்பளம் எப்போது என்றுதான் இருந்தது.

இரண்டும் உண்மை. பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன.

*

பிள்ளை ஒரு படம் அனுப்புகிறாள். மணலில் கப்பல்கள்.

மொய்னாக். ஒரு காலத்தில் துறைமுகம். ஆரல் கடல் உலகத்திலேயே நாலாவது பெரிய ஏரியாக இருந்தது. 1960களிலிருந்து ஆமு தரியாவையும் சிர் தரியாவையும் வாய்க்கால் வெட்டித் திருப்புகிறார்கள். பருத்திக்கு. வெள்ளைத் தங்கம் என்று அதற்குப் பேர். ஏரி பின்வாங்குகிறது. மீன் போகிறது. மீன்பிடித்தவர்கள் போகிறார்கள். கப்பல்கள் நின்ற இடத்திலேயே துருப்பிடிக்கின்றன. ஏரி கிடந்த தரையிலிருந்து உப்பும் பூச்சிமருந்தும் காற்றில் எழும்பி ஊர்களில் இறங்குகின்றன.

அந்த நாட்டின் சின்னத்தில் ஒரு பக்கம் கோதுமைக் கதிர். இன்னொரு பக்கம் வெடித்த பருத்திக்காய்.

படத்தைப் பெரிதாக்குகிறேன். கப்பலின் நிழலில் ஒரு பசு நிற்கிறது.

*

அங்கே பருத்தி விளைய ஒரு கடல் போயிருக்கிறது.

இங்கே பருத்திக்கு நிறம் ஏற ஒரு ஆறு.

எழுதிவிட்டு அடித்துவிடப் பார்க்கிறேன். அடிக்கவில்லை.

*

அந்த அம்மா பருத்தி எடுத்தவர். பிள்ளை இன்றைக்குத்தான் சொல்கிறாள்.

செப்டம்பர் பிறந்தால் பள்ளிக்கூடம் பாதி காலி. டீச்சர்கள், நர்சுகள், காலேஜ் பிள்ளைகள், எல்லாரையும் பஸ்ஸில் ஏற்றிக் காட்டுக்கு அனுப்புவார்கள். அரசாங்கத்தின் அளவு. ஆளுக்கு இத்தனை கிலோ. மாட்டேன் என்று சொல்ல வழியில்லை. காயின் ஓடு உலர்ந்து நகக்கண்ணில் கிழிக்கும். குனிந்து குனிந்து இடுப்பு போகும். வருடா வருடம்.

2020இல் அந்த அரசாங்க அளவை எடுத்துவிட்டார்கள். 2021 அறுவடையில் அமைப்புரீதியான கட்டாய வேலை நடக்கவில்லை என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு எழுதிக் கொடுத்தது. அந்தப் பருத்தியை வாங்கமாட்டோம் என்றிருந்த வெளிநாட்டுக் கம்பெனிகளின் தடை 2022இல் நீங்கியது. டீச்சர் அதற்குள் ஓய்வு பெற்றுவிட்டார்.

"அவங்க விரலைப் பாத்திருக்கேன் பெரீம்மா," என்கிறாள்.

என் விரலைப் பார்க்கிறேன்.

*

அவர் கேட்டது கோயில் இல்லை. மலை இல்லை.

எடுத்த பருத்தி அப்புறம் என்ன ஆகிறது என்று பார்க்கவேண்டுமாம். லாரி ஏறிப் போனதோடு சரி. அதற்கு மேல் அவர் பார்த்ததே இல்லை.

*

மத்தியானம். வெயில் வாசலில் நகர்கிறது. காக்கை ஒன்று சோற்றுக்கு வந்து, தின்னாமல், நிற்கிறது.

தாளில் எழுதின இடங்களைப் பார்க்கிறேன். அவிநாசி. பூண்டி. சென்னிமலை. விஜயமங்கலம். நல்ல இடங்கள்தான். ஒரம்பரையைக் கூட்டிப்போகிற இடங்கள்.

வீட்டுக்கு ஆள் வந்தால் ஆசாரத்தில் உட்கார வைக்கிறோம். பொடக்காளிக்கு யாரும் கூட்டிப்போவதில்லை. ஆனால் அங்கேதான் அடுப்புச் சாம்பலும் கழுவின தண்ணீரும் கருவேப்பிலையும்.

மனசு இந்தப் பக்கம் போகிறது. அந்தப் பக்கம் போகிறது. பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

*

பக்கத்து ஊர்க் கம்பெனிக்குப் போகிறேன். நான் வேலை பார்த்த இடம் இல்லை, தெரிந்தவர்கள் நடத்துவது. சூபர்வைசர் எழுந்து நிற்கிறார்.

"வாங்கக்கா. கூட்டிட்டு வாங்க, அதுக்கென்னங்க."

ஓவர்லாக் மிஷின்கள் ஓடுகின்றன. பஞ்சுத் தூசி வெளிச்சத்தில் மிதக்கிறது. மூக்குக்கு அந்த வாசம் உடனே தெரிந்துவிடுகிறது. கட்டிங் மேஜையில் துணி அடுக்கு. கைமடிக்கிற பிள்ளைகள் தலை நிமிரவில்லை. முக்கால்வாசிப் பேர் ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட். ஒரு பையன் போனில் அம்மாவோடு பேசிக்கொண்டே கழுத்துப்பட்டி அடுக்குகிறான். அவன் ஊர் எங்கே என்று கேட்கிறேன். சொல்கிறான். எனக்கு அந்த ஊர் தெரியவில்லை. சிரிக்கிறான்.

இவனிடம் அவனுடைய ஊரைக் காட்டச் சொல்லி யாரும் கேட்டிருக்கமாட்டார்கள்.

*

நூல் எங்கிருந்து வருகிறது என்று சூபர்வைசரைக் கேட்கிறேன். இங்கத்திய மில்லுதான் என்கிறார். மில்லுக்குப் பஞ்சு குஜராத்திலிருந்து, மகாராஷ்டிராவிலிருந்து, தெலுங்கானாவிலிருந்து வருகிறது. இந்தப் பக்கம் பருத்திக்காடு இப்போது பார்க்க முடிவதில்லை.

அப்பாரு காலத்தில் உண்டு. பருத்தி வெடித்த காட்டில் நான் ஓடியிருக்கிறேன். கால் நினைவு வைத்திருக்கிறது. கரிசல் வெடிப்பு. முள் மாதிரி நிற்கும் காய்ந்த மாறு.

*

குளத்தங்கரை வழியாகத் திரும்புகிறேன். தண்ணீர் கிடக்கிறது.

அத்திக்கடவு. அந்தப் பேரைக் கேட்டுக் கேட்டே ஒரு தலைமுறை போயிருக்கிறது. அறுபது வருடத்துக்கு மேல் கேட்டார்கள். ஊர்வலம், உண்ணாவிரதம், தேர்தல். 2024 ஆகஸ்ட் 17 அன்று திறந்தார்கள். பவானியில் மிஞ்சுகிற தண்ணீரைக் காலிங்கராயன் அணைக்கட்டுக்குக் கீழே எடுத்து, மேட்டுக்கு ஏற்றி, மூன்று மாவட்டத்தில் 1,045 குளம் குட்டைகளுக்குக் குழாயில் அனுப்புகிற திட்டம். எல்லாக் குட்டையும் ஒரே மாதிரி நிறையவில்லை. சில நிறைகின்றன. சில காத்திருக்கின்றன.

கரையோரம் ஒரு நாரை. ஒரு காலில். தண்ணீரில் அதற்கு இன்னொரு கால்.

ஆயிரம் அடி போர் போட்டும் புகை வந்த காடுகளுக்குப் பக்கத்தில் இப்போது கிணற்றில் கயிறு நனைகிறது என்கிறார்கள். கேட்கவே குளிர்ச்சியாக இருக்கிறது.

*

ஆரலுக்குத் தண்ணீர் திரும்புமா என்று பிள்ளையைக் கேட்கிறேன். வடக்கே, கசகஸ்தான் பக்கம், 2005இல் ஒரு அணை கட்டினார்கள். அங்கே கொஞ்சம் நிறைந்திருக்கிறது. மீன் திரும்பியிருக்கிறது. தெற்கே, இவர்கள் பக்கம், மணல் பறக்காமல் இருக்க சாக்சவுல் என்ற பாலைவனச் செடியை ஏரித் தரையில் நட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

ஏரியின் தரையில் செடி நடுகிறவர்களின் முதுகு. நினைத்துப் பார்க்கிறேன். வேறு ஒன்றும் தோன்றவில்லை.

*

காப்புக்கட்டு நெருங்குகிறது. ஆவாரம்பூ, வேப்பிலை, பூளைப்பூ. வாசல் நிலைக்கு, கட்டுத்தரைக்கு, காட்டு மூலைக்கு. அப்புறம் பொங்கல். பட்டிப்பொங்கல். பூப்பறிக்கிற நோன்பு. பெண்டுகள் காட்டுக்குப் போய்ப் பூப்பறித்து, கும்மியடித்து, சாயங்காலம் திரும்புவோம்.

அந்த அம்மாவும் வரலாம். பூப்பறிக்க யாரும் அளவு வைப்பதில்லை. கூடையைக் கையில் கொடுக்கலாமா வேண்டாமா என்று ஒரு நிமிஷம் நிற்கிறேன். அவர் விரல்.

அவரே சொல்லட்டும்.

*

மகனுக்கு ஆங்கிலம் கொஞ்சம் வரும். அம்மாவுக்கு உஸ்பெக்கும் ரஷ்யனும். பிள்ளை நடுவில் இருப்பாள். அவள் தூங்கிவிட்டால் நாங்கள் இருவரும் சும்மா உட்கார்ந்திருப்போம்.

அதற்கு ஆசாரம் போதும். ஒரு பாய் போதும்.

*

கிண்ணம் வாங்கலாமா என்று யோசிக்கிறேன். பச்சைத் தேயிலை திருப்பூரில் கிடைக்கும். பிறகு வேண்டாம் என்று படுகிறது. நம்முடைய டம்ளர், நம்முடைய கருப்பட்டிக் காபி. ஆனால் கொஞ்சமாக ஊற்றலாம். மறுபடி மறுபடி ஊற்றலாம்.

ஊர் பேசினால் பேசட்டும்.

*

நடுச்சாமம். விழிப்பு. நாய் குரைத்து நிற்கிறது. எங்கோ ஒரு ஜெனரேட்டர்.

வயிற்றில் லேசான பரபரப்பு. பயமா ஆசையா என்று தெரியவில்லை. மூச்சு வருகிறது. போகிறது. பரபரப்பு அதன்மேல் ஏறி இறங்குகிறது.

*

தாளை எடுத்து மறுபடி எழுதுகிறேன்.

முதல் நாள் ஒன்றும் இல்லை. தூக்கம். சாப்பாடு. வீடு.

இரண்டாம் நாள் நஞ்சராயன் குளம், விடியற்காலை. பிறகு ஸ்பின்னிங் மில். பேலைப் பிரிக்கிற இடத்திலிருந்து பார்க்கட்டும். அப்புறம் நிட்டிங். அப்புறம் கம்பெனி. செக்கிங் மேஜையில் நான் நின்று காட்டுவேன்.

மூன்றாம் நாள் விஜயமங்கலம், சென்னிமலை, கொடுமணல்.

அதற்குக் கீழே, கொஞ்சம் இடம் விட்டு, ஒரத்துப்பாளையம்.

*

கார்க்காரத் தம்பி தாளை வாங்கிப் படிக்கிறார். விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டு வருகிறார். கடைசியில் நிற்கிறார்.

"டேமுலெ என்னங்கக்கா இருக்குது பாக்கறதுக்கு?"

"ஒண்ணுமில்லீங் தம்பி. போயிட்டு வரலாம்."

ஊத்துக்குளி வழியாகப் போனால் ரோடு நன்றாக இருக்கும் என்கிறார். கிலோமீட்டர் கணக்கா, நாள் வாடகையா என்று கேட்கிறார். நாள் வாடகையே பேசிக்கொள்கிறோம். நிறுத்துகிற இடத்தில் எவ்வளவு நேரம் ஆகும் என்று சொல்ல முடியாது என்கிறேன். பரவாயில்லீங்க என்கிறார். தைப்பொங்கல் கழிந்து சனிக்கிழமை, காலை ஏழு மணி என்று தன் போனில் குறித்துக்கொள்கிறார்.